எத்தனையாவது பாகம் உங்களுடையது?

2020 பிப்ரவரி 29-ஆம் தேதி ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. ஒரு வாக்கெடுப்பின் முடிவை ஒளிபரப்பியது. களத்தில் நின்றவை 'ஃபைனல் ஃபேன்டஸி' என்ற ஜப்பானிய வீடியோ கேம் வரிசையில் அதுவரை வந்திருந்த கேம்கள். விழுந்த ஓட்டு 4.6 லட்சத்துக்கும் மேல். பத்தாம் பாகம் முதலிடம் பிடித்தது. அடுத்தது ஏழு, பிறகு ஆறு, ஒன்பது, பதினான்கு. இதையே அமெரிக்காவில் நடத்தியிருந்தால் போட்டி ஏழுக்கும் ஆறுக்கும்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இந்த வரிசையின் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் 'உனக்கு எது?' என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும். வருகிற பதிலை வைத்து அவருக்கு ஏறக்குறைய என்ன வயசு, எந்த நாட்டில் வளர்ந்தார், வீட்டில் எந்த கேம் கன்சோல் இருந்தது என்று பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிடலாம். இதற்கு ஜோசியம் தேவையில்லை. இந்த வரிசை கட்டப்பட்ட விதமும், கடல் தாண்டிப் போன விதமும் தெரிந்தால் போதும்.

கட்டப்பட்ட விதத்தை முதலில் பார்ப்போம். முதல் பாகம் 1987 டிசம்பரில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்கு வந்தது. ஸ்கொயர் என்ற சின்ன நிறுவனத்தில் ஹிரோனோபு சகாகுச்சி தலைமையில் உருவானது. ஓவியம் யோஷிடகா அமனோ, இசை நொபுவோ உமட்சு, நிரல் எழுதியவர் ஈரானில் பிறந்த நாசிர் ஜபெல்லி. 'கம்பெனி மூழ்கப் போகிறது, இதுதான் கடைசி கேம், அதனால்தான் ஃபைனல்' என்ற கதையைக் கேட்காத ரசிகர் இருக்க மாட்டார். சகாகுச்சி பிற்பாடு சொன்ன காரணம் இதைவிடச் சப்பையானது: ஜப்பானியர் வாயில் 'எஃப் எஃப்' என்று சுருக்கிச் சொல்ல வரவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. முதலில் யோசித்த 'ஃபைட்டிங் ஃபேன்டஸி'யை ஏற்கெனவே வேறு யாரோ வைத்திருந்தார்கள். 'எஃப்' எழுத்தில் தொடங்கும் இன்னொரு சொல் கிடைத்தது, வைத்தார்கள். கடைசி என்று பெயர் வைத்த கேமின் வரிசை இன்று பதினாறில் நிற்கிறது.

இந்தப் பதினாறையும் ஒரே கதையின் பாகங்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு எண்ணும் புது உலகம், புது மனிதர்கள், புது விதிகள். இதற்கு ஓராண்டு மூத்த 'டிராகன் குவெஸ்ட்' என்ற கேம் வரிசை ஊர்த் தேர்த் திருவிழா மாதிரி: அதே தேர், அதே வீதி, அதே மேளம். யூஜி ஹோரி எழுத, அகிரா தொரியாமா வரைய, கோயிச்சி சுகியாமா இசையமைக்க, மூன்று பேரும் பல பத்தாண்டுகள் அதை மாறாமல் இழுத்தார்கள். அந்த மாறாமைதான் அதன் அழகு. ஃபைனல் ஃபேன்டஸியோ ஒவ்வொரு தடவையும் தேரைப் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டுகிற ஊர். மிஞ்சுகிறவை சில உருப்படிகள்தான்: சவாரிக்கு சோகோபோ என்ற பெரிய மஞ்சள் பறவை, இரண்டாம் பாகத்திலிருந்து எங்காவது தலைகாட்டும் சிட் என்ற பெயர், செத்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் இறகு, மேலும் கீழும் ஏறி இறங்கும் அந்தத் தொடக்க இசை. அதனால் 'ஆறு பிடிக்கும்' என்பவரும் 'பதினைந்து பிடிக்கும்' என்பவரும் ஒரே பொருளைப் பற்றியே பேசவில்லை. பெயர் மட்டும்தான் ஒன்று.

விதிகளை மாற்றுவதில் இவர்களுக்கு இருந்த துணிச்சல் இரண்டாம் பாகத்திலேயே தெரிந்துவிட்டது. இத்தகைய கேம்களில் சண்டைக்குச் சண்டை ஏறும் லெவல் அதில் கிடையாது. வாள் வீசினால் வாள்திறன் வளரும், அடி வாங்கினால் ஹெச்.பி. என்ற உயிர்பலம் வளரும். விளையாடியவர்கள் உடனே கணக்குப் போட்டார்கள்: எதிரியிடம் அடி வாங்க ஏன் காத்திருக்க வேண்டும், நம் ஆளை நாமே அடித்தால் என்ன? உலகைக் காக்கப் புறப்பட்ட வீரர்கள் காட்டோரத்தில் நின்று ஒருவரை ஒருவர் சாத்திக்கொண்டிருந்த பாகம் என்றுதான் அது இன்றும் நினைவுகூரப்படுகிறது. அதையே பிடித்தமானது என்று சொல்பவர்களும் உண்டு. எண்ணிக்கை சொற்பம், பிடிவாதம் அதிகம்.

இனி கடல் தாண்டிய கதை. முதல் பாகம் 1990-இல்தான் அமெரிக்கா போனது. ஜப்பானின் இரண்டும் மூன்றும் அப்போது போகவே இல்லை. 1991-இல் நான்காம் பாகம் போனது, 'இரண்டு' என்ற எண்ணோடு. ஐந்தை விட்டுவிட்டார்கள். 1994-இல் ஆறு போனது, 'மூன்று' என்ற எண்ணோடு. 1997-இல் ஏழாம் பாகத்தை ஏழு என்றே விற்றார்கள். கடையில் மூன்றுக்குப் பக்கத்தில் ஏழைப் பார்த்த அமெரிக்கப் பையன், நடுவே மூன்று பாகங்கள் எங்கே போயின என்று குழம்பியிருப்பான். ஐரோப்பாவின் நிலைமை இன்னும் மோசம். எண்ணிட்ட பாகங்களில் அங்கே முதன்முதலாகப் போய்ச் சேர்ந்ததே ஏழுதான். பிரான்ஸிலோ இங்கிலாந்திலோ வளர்ந்த நாற்பது வயதுக்காரர் ஏழைத் தலையில் வைத்துக் கொண்டாடினால் அதில் ரசனைக்கு எவ்வளவு பங்கு, கப்பலுக்கு எவ்வளவு பங்கு என்று யோசிக்கத்தான் வேண்டும்.

விடுபட்ட ஐந்துக்கு நடந்தது சுவாரசியமானது. ஜப்பானில் 1992-இல் வந்த அந்தப் பாகத்தின் கதை எளிமையானது, கொஞ்சம் அசட்டுச் சிரிப்பும் உண்டு. அதன் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு பேர், 22 தொழில்கள். யாரும் எதுவாகவும் மாறலாம், ஒரு தொழிலில் கற்ற வித்தையை இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். திருடனின் வேகமான கால் சூனியக்காரனுக்கு வரும், சாமுராய் நாணயங்களை வாரி எறிந்தே எதிரிகளைச் சாய்ப்பான். ஆங்கிலத்தில் வராத அந்தக் கேமை 1990-களின் பிற்பாதியில் ரசிகர்களே மொழிபெயர்த்துக் கணினியில் ஓடவிட்டார்கள். முறையான வெளியீடு 1999-இல்தான் வந்தது. இன்றைக்கும் ஆண்டுதோறும் 'ஃபோர் ஜாப் ஃபியஸ்டா' என்று ஒரு கூத்து நடக்கிறது. நான்கு தொழில்களைக் குலுக்கல் முறையில் கொடுப்பார்கள், கிடைத்ததை வைத்து ஆட்டத்தை முடித்தாக வேண்டும், கூடவே நற்பணிக்கு நிதியும் திரட்டுகிறார்கள். நான்கும் உதவாக்கரைத் தொழிலாக அமைந்தால்தான் ருசி அதிகம் என்பார்கள்.

ஐந்தைச் சொல்பவருக்கும் ஆறைச் சொல்பவருக்கும் நடுவே இருக்கிற கோடுதான், என் பார்வையில், இந்த ரசிகர் கூட்டத்தை உண்மையாகவே இரண்டாகப் பிரிக்கிறது. ஐந்தின் ஆள் பூட்டைத் திறந்து உள்ளே பொறி எப்படிச் சுழல்கிறது என்று பார்க்கிறவர். ஆறின் ஆளுக்கு மனிதர்கள் வேண்டும். ஆறில் பதினான்கு பேர், தனி நாயகன் என்று யாரும் இல்லை. ஆட்டத்தின் நடுவே ஓர் இசைநாடகக் காட்சி வருகிறது; முன்னாள் தளபதி செலஸ், பாடகியின் இடத்தில் மேடையேறுகிறாள். வசனத்தை நாம் மனப்பாடம் செய்து சரியான வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபேமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாமால் மனிதக் குரலைப் பாட வைக்க முடியாது. குரல் போல ஒலிக்கும் ஒரு மின்னொலியை உமட்சு பாட வைத்தார். அந்தக் கீச்சுக் குரலைக் கேட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு வில்லன் கெஃப்கா உலகத்தை அழிப்பேன் என்று மிரட்டுவதோடு நிற்காமல் அழித்தே விடுகிறான். ஆட்டம் அதோடு முடியாது, பாதிதான் வந்திருக்கிறோம். சிதைந்த உலகத்தில் சிதறிய ஆட்களை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்ப்பதுதான் மீதி. 1994-இல் இதைக் கண்ட பன்னிரண்டு வயதுக்காரர் வேறு எதற்கும் ஓட்டுப் போடாமல் போனால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஏழைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆனாலும் ஓரிடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. நின்டெண்டோவின் அடுத்த கன்சோல் கார்ட்ரிட்ஜையே விடாமல் பிடித்துக்கொண்டதால், சிடியின் இடவசதியைத் தேடி ஸ்கொயர் சோனியின் பிளேஸ்டேஷனுக்கு மாறியது. கேம் மூன்று சிடிகளில் வந்தது. முதல் சிடியின் முடிவில், நம் குழுவில் கூடவே வந்த ஏரித் என்ற பெண் சாகிறாள். செத்தாள் என்பதைவிட எப்படிச் செத்தாள் என்பதுதான் விஷயம். கொஞ்ச நேரம் முன்பு, பழங்காலக் கோயிலுக்குள், அவளுக்கென்றே ஒரு நல்ல ஆயுதம் கிடைத்திருக்கும். எடுத்து அவள் கையில் கொடுத்திருப்போம். பொறுமைசாலிகள் அவளுடைய கடைசி வித்தையையும் தேடிப் பிடித்துக் கற்றுக் கொடுத்திருப்பார்கள். யாரும் சாகப் போகிறவளுக்கு இவ்வளவு செலவழிப்பதில்லை. வில்லன் செபிரோத்தின் வாள் இறங்குகிறது. உடனே ஒரு சண்டை தொடங்குகிறது. வழக்கமான சண்டை இசை வரவில்லை. அவளுடைய மெட்டு நிற்காமல் தொடர்கிறது, அதன் மேலேயே நாம் அடித்துக்கொண்டிருக்கிறோம். அவளை உயிரோடு கொண்டுவர ஏதோ ரகசிய வழி இருக்கிறது என்ற வதந்தி ஆண்டுக்கணக்கில் ஓடியது. அப்படி எதுவும் இல்லை.

எட்டு அடிவாங்கிய பிள்ளை. மந்திரத்தை எதிரியிடமிருந்தே உறிஞ்சிச் சேர்க்க வேண்டும், சேர்த்ததை உடம்பின் பலங்களோடு பிணைக்க வேண்டும், நம் லெவல் ஏறினால் எதிரியின் லெவலும் ஏறும். புரியாதவர்கள் மணிக்கணக்கில் மந்திரம் உறிஞ்சிச் சலித்தார்கள். புரிந்தவர்கள் கேமுக்குள்ளேயே வரும் சீட்டாட்டத்தில் ஜெயித்த சீட்டுகளைப் பொருளாக மாற்றி முதல் சிடியிலேயே அசுர பலம் பெற்றார்கள். முதல் சிடியின் முடிவிலேயே நாயகன் ஸ்குவால் செத்துவிட்டான், மீதியெல்லாம் அவன் கனவு என்று ஒரு ரசிகர் கோட்பாடு கிளம்பியது. இயக்குநர் கிட்டாசே மறுத்த பிறகும் அது சாகவில்லை. எட்டைப் பிடிக்கும் என்பவர்கள் அந்தச் சீட்டாட்டத்துக்காகவே சொல்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

என் ஓட்டு ஒன்பதுக்கு. விவி என்ற குட்டிச் சூனியக்காரனுக்காக. கூம்புத் தொப்பி, இருட்டு முகம், இரண்டு மஞ்சள் கண்கள். போருக்காகச் செய்யப்பட்ட பொம்மைகளில் தானும் ஒன்று என்பது அவனுக்குப் பாதியில்தான் தெரியவரும். அப்படித் தப்பி வந்த சூனியக்காரர்கள் காட்டுக்குள் ஒளிந்து வாழும் ஊருக்கு அவன் போகிறான். அவர்கள் உண்டாகி ஓராண்டு வாக்கில் ஆனதும் ஒவ்வொருவராக அசையாமல் நின்றுவிடுகிறார்கள். சாவு என்ற ஒன்றை அவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. இடுகாட்டில் ஒருவன் விவியிடம், தன் தோழனை மண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள், அவன் வெளியே வந்ததும் குளத்துக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட வேண்டும் என்கிறான். சண்டை இல்லை, இசை உயரவில்லை, ஓர் உரையாடல் பெட்டி மட்டும். பத்தாண்டுக்கு ஒருமுறையாவது திரும்பப் போய் அந்த இடத்தில் நிற்கிறேன். இந்த வரிசையில் நான் முதலில் முடித்த பாகமும் இதுதான் என்பதை மறைக்கக் கூடாது. அதனால் என் சாட்சியமும் கறைபட்டதே.

பத்து ஏன் ஜெயித்தது? பிளேஸ்டேஷன் 2-க்கு 2001 ஜூலையில் வந்த பத்தில்தான் இந்த வரிசையின் பாத்திரங்கள் முதன்முதலாகக் குரலெடுத்துப் பேசினார்கள். அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் 2020-இல் முப்பதுகளில் இருந்தார்கள், ஓட்டுப் போடுகிற வயதும் மனநிலையும் அதுதான். இது ஒரு பாதிக் காரணம். மறு பாதி கதையிலேயே இருக்கிறது. யூனா என்ற பெண் கோயில் கோயிலாக யாத்திரை போகிறாள். முடிவில் 'சின்' என்ற பேரழிவை அவள் வீழ்த்த வேண்டும். பாத யாத்திரை போனவர்களுக்கு அந்தக் கேமின் நடை உடனே பிடிபடும்: ஒரே வழி, கூட நடக்கும் ஆட்கள், இடையிடையே தங்கல், எதிரே வருகிறவரிடம் நாலு வார்த்தை. வரைபடமே நேர்கோடு. அதன் உடையிலும் கடலோரத்திலும் ஐரோப்பியக் கோட்டைகளின் சாயல் இல்லை. தென் பசிபிக் தீவுகளையும் தாய்லாந்தையும் ஜப்பானையும் மனதில் வைத்தே வரைந்தார்கள். யாத்திரை முடிந்தால் யூனா சாவாள் என்பது கூட நடக்கிற எல்லோருக்கும் தெரியும், நாம் ஓட்டுகிற டீடஸைத் தவிர. அவன் அவளிடம் முடிந்த பிறகு எங்கெல்லாம் போகலாம் என்று உற்சாகமாகப் பட்டியல் போட்டிருப்பான். உண்மை தெரிந்த பிறகு அந்தப் பேச்செல்லாம் பின்னோக்கி வந்து குத்துகிறது. இரண்டாம் முறை ஆடும்போது முதல் மணி நேரத்திலிருந்தே குத்தும். அதே வாக்கெடுப்பின் இசைப் பிரிவில் இந்தப் பாகத்தின் பியானோ மெட்டு 'டு சனார்கண்ட்' முதலிடம் வந்ததும் இதன் தொடர்ச்சிதான்.

பதினொன்று இணையத்தில் பல பேர் சேர்ந்து ஆடுவது. 2002-இல் தொடங்கி இன்னும் ஓடுகிறது. அதை விரும்புகிறவர்கள் கதையைச் சொல்ல மாட்டார்கள். கூட ஆடிய மனிதர்களைச் சொல்வார்கள்.

பன்னிரண்டு 2006-இல் வந்தது. அதன் 'கேம்பிட்' முறை ஐந்தின் ஆட்களுக்கு வாரிசு பிறந்த மாதிரி. 'தோழரின் ஹெச்.பி. பாதிக்குக் கீழே போனால் குணப்படுத்து', 'பறக்கும் எதிரி தெரிந்தால் மந்திரத்தால் அடி' என்று நிபந்தனைகளை வரிசையாக எழுதி வைத்தால் குழு தானே சண்டை போடும். வரிசை தப்பினால் பக்கத்தில் ஒருவர் செத்துக் கிடக்க, குணப்படுத்த வேண்டியவர் எதிரியிடம் திருடிக்கொண்டிருப்பார். 'கேமே கேமை ஆடிக்கொள்கிறது, எனக்கு என்ன வேலை' என்று பலர் எரிந்து விழுந்தார்கள். எழுதியதுதான் ஆட்டம் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆனால் இதே பாகம் செய்த ஓர் அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மிகச் சிறந்த ஈட்டி வேண்டுமானால் குறிப்பிட்ட நான்கு பெட்டிகளை வழியில் திறக்காமல் விட வேண்டும். எந்த நான்கு என்று கேமுக்குள் எங்கேயும் சொல்லவில்லை. பெட்டியைக் கண்டால் திற என்று இருபது வருஷம் பழக்கிவிட்டு, திறந்ததற்குத் தண்டனை! பின்னால் வந்த பதிப்புகளில் இதை எடுத்துவிட்டார்கள்.

பதிமூன்று 2009 டிசம்பரில் வந்தபோது வாங்கிய வசவு கொஞ்சமில்லை. பதினொன்றாம் அத்தியாயத்தில்தான் வெட்டவெளி வருகிறது, அதுவரை நீளமான தாழ்வாரம் என்றார்கள். பத்தும் தாழ்வாரம்தான், அதை யாத்திரை என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார்கள், பதிமூன்றுக்கு அந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை. ஆனால் அதைப் பன்னிரண்டு வயதில் ஆடியவர்கள் இப்போது இருபத்தெட்டு கடந்து நிற்கிறார்கள். 'எனக்கு லைட்னிங்தான்' என்று தயக்கமில்லாமல் நாயகியின் பெயரைச் சொல்லும் குரல்கள் கூடிவருகின்றன. எட்டுக்கும் இப்படித்தான் நடந்தது. திட்டியவர்கள் மனம் மாறியதால் ஒரு பாகத்துக்கு மரியாதை வருவதில்லை. அதில் வளர்ந்தவர்கள் பேசுகிற வயசுக்கு வந்ததும் வருகிறது. 2006-இல் வேறு பெயரில் அறிவிக்கப்பட்டுப் பத்தாண்டு இழுத்தடித்து வந்த பதினைந்தும், ஏறக்குறைய முழு அதிரடிச் சண்டையாகவே மாறிவிட்ட 2023-இன் பதினாறும் தங்கள் பிள்ளைகள் வளரக் காத்திருக்கின்றன. பதினைந்தில் நான்கு நண்பர்கள் காரில் ஊர் சுற்றி, இரவில் கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிடுவார்கள். உலகம் அழிவது மறந்தாலும் அந்தச் சாப்பாடு மறக்காது.

மிச்சமிருக்கும் பதினான்கின் கதையை நம்ப முடியாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2010 செப்டம்பரில் வந்த இணைய கேம், வந்தவுடன் விழுந்தது. இருந்த கோளாறுகளில் ஒன்றை, பிற்பாடு அதன் பொறுப்பை ஏற்ற நவோகி யோஷிடாவே சொன்னார்: அழகின் மீதிருந்த மோகத்தில், ஓரமாகக் கிடக்கும் ஒரு பூந்தொட்டிக்கு, ஆடுகிறவரின் உருவத்துக்குச் செலவழித்த அதே அளவு வேலையைச் செலவழித்திருந்தார்கள். தொட்டி ஜொலித்தது, கேம் திணறியது. அந்த ஆண்டு டிசம்பரில் பொறுப்பு யோஷிடா கைக்கு வந்தது. பழையதை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டே பின்னால் புதியதை முழுசாகக் கட்டினார்கள். பழைய உலகத்தை என்ன செய்வது? கதையாலேயே முடித்தார்கள். வானத்தில் இருந்த சிவப்பு நிலா வாரத்துக்கு வாரம் பெரிதானது. 2012 நவம்பர் 11 அன்று கூடியிருந்தவர்கள் ஊருக்குள் புகுந்த அரக்கர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே சர்வர் நின்றது. நிலா உடைந்து உள்ளேயிருந்து பஹாமுட் என்ற டிராகன் வெளியே வந்து எல்லாவற்றையும் எரிக்கும் காட்சி ஓடியது. 2013 ஆகஸ்டில் புது உலகம் திறந்தபோது, பழையதில் மாதக்கணக்கில் பணம் கட்டித் தாக்குப்பிடித்தவர்களின் பாத்திரப் பெயர்களை நன்றிப் பட்டியலில் போட்டார்கள். வாக்கெடுப்பில் பதினான்கு ஐந்தாவது வந்ததில் இவர்களுக்கும் பங்கிருக்கும். மற்றவர்கள் ஆடி முடித்த கேமுக்கு ஓட்டுப் போட்டார்கள், இவர்கள் குடியிருக்கும் ஊருக்கு.

சகாகுச்சியிடம் கேட்டால் என்ன சொல்வார்? தனக்குப் பிடித்தது ஒன்பது என்று சொல்லியிருக்கிறார். ஸ்கொயரை விட்டு விலகி மிஸ்ட்வாக்கர் என்று சொந்தமாகத் தொடங்கியவர், பல ஆண்டு கழித்து ஆறை மறுபடி ஆடிப் பார்த்தார். அந்த உந்துதலில் பிறந்ததுதான் 2021-இல் வந்த அவருடைய 'ஃபேன்டஸியன்'. அதே ஆண்டு யோஷிடாவோடு ஒரு மேடைப் பேச்சுக்குத் தயாராவதற்காகப் பதினான்கைத் திறந்தார். பேச்சு முடிந்தது, அவர் வெளியே வரவில்லை. 1987-இல் தான் வைத்த பெயரைத் தாங்கிய கேமுக்குள், இன்னொருவர் எழுதிய விதிகளைக் கற்றுக்கொண்டு, முகம் தெரியாத ஏழு பேரோடு வரிசையில் நின்று, பெரிய எதிரியோடு மோதும் பாஸ் சண்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்.